சொல்லும் பொருளும்: கொட்டகலைச் சிறுமியின் வினா



சொல்லின்றிப் பொருளுணர்தல் அரிது. பொருளுணராது சொல்லைப் பற்றியிருத்தல் பயனின்று. இவ்விரண்டுக்கும் இடையே இன்று நம்மவர் அகப்பட்டுத் தடுமாறுகின்றனர். முன்னோர் ஆய்ந்து வழங்கிய வடமொழித் திருச்சொற்கள் நாவில் உள்ளன. அவற்றின் பொருளோ ஆங்கில அகராதியினின்று கடனாகப் பெறப்படுகின்றது. அக்கடன் எத்துணைக் கேட்டுக்கு இடமாகின்றது என்பதைக் கொட்டகலைப் பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் கண்ணாரக் கண்டோம். அதனை ஈண்டு எடுத்துரைத்தல் நமது கடனென்று கருதுகின்றோம்.

அட்டனுக்கும் தலவாக்கொல்லைக்கும் இடையே, கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகைவண்டிப் பாதையில் அமைந்தது கொட்டகலை. அதனைச் சூழ்ந்த தேயிலை மலைகளுள் ஒன்றில், மாரியம்மன் கோயிலின் முன்றிலில், தோட்டப் பிள்ளைகளுக்கு நடைபெறும் சமய வகுப்பிற் பேசும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. சிவபெருமானுக்கு இலயம், போகம், அதிகாரம் என மூன்று நிலை கூறும் சித்தாந்தக் கொள்கையை எளிதாக விளக்கலாமென்று தொடங்கினோம். 'இலயம்' என்னும் சொல் நமது வாயினின்று வெளிப்பட்டதும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து நகைத்தனர். "சாமியும் லயத்திலதான் இருக்கிறாரா, ஐயா?" என்றான் ஒரு சிறுவன்.

அவன் நகைத்தது குற்றமன்று. மலைநாட்டிலே தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளுக்கு 'லயம்' என்பது பெயர். வரிசையைக் குறிக்கும் 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல் தமிழர் வாயில் திரிந்து அவ்வாறாயிற்று. வடமொழியில் இலயமென்பது ஒடுங்குதல், ஒன்றிக் கலத்தல், அமைதியுற்று நிற்றல் எனப் பொருள்படும். ஒலி ஒன்றே, பொருள் விண்ணும் மண்ணும் போல வேறு. ஒரு சொல் தன் வேரை விட்டு ஒலியளவாய் நின்றால், சிவத்தின் ஒடுக்க நிலைக்கும் பத்தடிச் சதுர அறைக்கும் வேறுபாடு தெரியாதொழியும் என்பதை அப்பிள்ளையின் நகைப்பு நமக்குக் கற்பித்தது.

இஃது ஒலிமயக்கம், எளிதில் நீங்குவது. பொருள்மயக்கமோ அத்தகையதன்று. வகுப்பு முடியும் வேளையில் பதினான்கு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி எழுந்தாள். ஆங்கிலத்திற் சைவத்தைப் பற்றி எழுதிய சிறு நூலொன்று அவள் கையில் இருந்தது. "ஐயா, மாயை என்றால் பொய்த்தோற்றம் என்று இதில் எழுதியிருக்கிறது. ஆணவம் என்றால் செருக்கு என்று எழுதியிருக்கிறது. எங்கள் அம்மாவுக்குக் கொழுந்து பறித்துப் பறித்து விரலெல்லாம் வெடித்திருக்கிறது. அதுவும் பொய்த்தோற்றமா? எங்களுக்குச் செருக்குப்பட என்ன இருக்கிறது? அப்படியானால் ஆணவம் எங்களுக்கு இல்லையா?" என்று வினாவினாள்.

அன்பர்களே, இதனைச் சிறுபிள்ளையின் வினாவென்று தள்ளிவிடுதல் கூடாது. சாத்திரம் கற்றாரையும் நின்று எண்ணச் செய்யும் வினா இது. அவ்விரு சொற்களையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலில் ஆணவம். அகராதியைப் புரட்டுவார் அதற்குச் செருக்கு, தன்முனைப்பு என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களைக் காண்பர். உலக வழக்கில் நாமும் இறுமாந்து நடப்பானை ஆணவக்காரன் என்கின்றோம். ஆயினும் இச்சொல்லின் பிறப்பு யாது? அணு என்பதினின்று பிறந்தது ஆணவம். உயிர் தன்னியல்பில் வியாபகமுடையது. எங்கும் விரிந்து அறியும் ஆற்றல் வாய்ந்தது. அங்ஙனம் விரிந்த உயிரை அணுவளவினதுபோலச் சுருங்கி நிற்கச் செய்யும் மலமே ஆணவம். செம்பிற் களிம்பு போலவும் நெல்லில் உமி போலவும் உயிருடன் அநாதியே உடன்கிடப்பது அது. செய்த குற்றத்தால் வந்ததன்று. ஆதலின் அதனைப் 'பாவம்' என்று பெயர்த்தலும் பொருந்தாது. பாவம் செய்கையின்பாற்படும், மலமோ அச்செய்கைக்கும் முன்னே உள்ள அறியாமையிருள்.

இனிச் சித்தாந்த நூல்கள் ஆணவத்தின் காரியங்களென எண்ணும் ஏழினையும் நோக்குக: மோகம், மதம், அராகம், கவலை, தாபம், வாட்டம், விசித்திரம் என்பன அவை. இவற்றுள் மதம் ஒன்றே செருக்கைக் குறிப்பது. கவலையும் வாட்டமும் அதே பட்டியலில் உள்ளன என்பதை உற்று நோக்குதல் வேண்டும். 'நான் பெரியேன்' என்று விம்முவது மட்டும் ஆணவமன்று. 'நான் சிறியேன், என்னால் ஆவதொன்றுமில்லை, எனக்கு இவ்வளவே விதித்தது' என்று கூம்பிக் குறுகுவதும் ஆணவத்தின் தொழிலே. இரண்டிடத்தும் உயிர் தன் விரிவை மறந்து ஒரு சிறு கூட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றது. செருக்கென்னும் மொழிபெயர்ப்பு இம்மலத்தின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டி, மற்றைப் பக்கத்தை முற்றும் மறைத்துவிட்டது.

மறைந்த அப்பக்கமே மலைநாட்டு மக்களுக்கு மிகவும் வேண்டப்படுவது. கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியத்தின் பெயர். அச்சொல் ஆங்கிலேயர் பேரேட்டில் ஏறியபோது உழைத்த மனிதனுக்கே பெயராயிற்று. ஊதியத்தின் பெயரால் மனிதனை அழைத்தது, அவனை அவன் பெறும் காசினளவாகச் சுருக்கியதேயாம். காப்பிப் பயிர்க்காலந் தொட்டுத் தமிழகத்தினின்று வந்து, காடு திருத்தி, 1885இல் நானுஓயா வரை புகைவண்டி ஏறிவந்த மலையெங்கும் உழைத்தவர் வழியினர், 1948இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டனர். 1964இல் இரு நாட்டுத் தலைவரும் செய்துகொண்ட உடன்படிக்கையால் எண்ணிப் பங்கிடப்பட்டனர். எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. பிறர் இட்ட இச்சிறுமையனைத்தும் பிறர் குற்றமே; தாழ்த்தப்பட்டவர்மேல் அதனை ஏற்றிக் கூறுவோமாயின் நாம் அறம் பிழைத்தவராவோம். ஆயினும் புறத்தே இட்ட சிறுமை அகத்தே புகுந்து 'நாங்கள் தோட்டத்துச் சனந்தானே' என்னும் சொல்லாக வேரூன்றுமானால், அங்கே ஆணவமலம் அதற்கு எருவிடுகின்றது என்பதை அறிதல் வேண்டும். தாழ்த்தியவன் தன்னைப் பெரியனென எண்ணியதும், தாழ்த்தப்பட்டவன் தன்னைச் சிறியனென நம்பியதும் ஒரு மலத்தின் இரு விளைவுகள். பிணி ஒன்றாதலின் மருந்தும் ஒன்றே: உயிர் அணுவன்று, சிவத்தோடு ஒன்றி விரியும் தகைமையது என்னும் உணர்வு.

'ஆணவம் எங்களுக்கு இல்லையா?' என்ற அச்சிறுமிக்கு நாம் கூறிய விடை இதுவே: "அம்மா, உண்டு. நீ உன்னைச் சிறியவளென்று நினைக்கும் ஒவ்வொரு வேளையும் அது தலைகாட்டுகின்றது. அந்நினைவு உன் இயல்பன்று, களிம்பு. செம்பு நீயே." அவள் விடையை உடனே ஏற்றுக்கொண்டாளென்று கூறமாட்டோம், சற்றுநேரம் வாய்திறவாது நின்றாள்.

இரண்டாவது சொல் மாயை. இதனைப் பொய்த்தோற்றம் என்று ஆங்கிலத்திற் பெயர்த்தோர், வேதாந்த நெறிகளுள் ஒன்றாகிய கேவலாத்துவிதத்தை மனத்துட்கொண்டு அவ்வாறு செய்தனர். அந்நெறியிலும் அச்சொல்லின் பொருள் நுட்பமானது. வெறும் பொய்யென்று கூறி அதனை முடித்துவிடல் ஆகாது. அது நிற்க, ஒரு நெறிக்குச் செய்த மொழிபெயர்ப்பை மற்றொரு நெறியின் தலையிற் சுமத்தியதே இங்கு நேர்ந்த பெரும்பிழை. சைவசித்தாந்தத்தில் மாயை உள்பொருள். எல்லாம் ஒடுங்குதற்கும் மீளத் தோன்றுதற்கும் இடமாய் நிற்பதென அச்சொல்லைப் பிரித்துப் பொருள் கூறுவர் நம் ஆசிரியர். குடத்துக்கு மண்போல உலகுக்கு முதற்காரணம் அது. சுத்தமாயை, அசுத்தமாயை, பிரகிருதிமாயை என அதனை வகுத்து, அதனினின்று முப்பத்தாறு தத்துவங்கள் தோன்றுமென்பர். தனு, கரணம், புவனம், போகம் ஆகிய உடம்பும், கருவியும், உலகும், நுகர்பொருளும் உயிர்களுக்காக அம்மாயையினின்றே இறைவனால் ஆக்கித் தரப்படுகின்றன.

எதற்காகத் தரப்படுகின்றன? ஆணவ இருளில் அறிவிழந்து கிடக்கும் உயிர் சிறிதேனும் கண்விழித்தற்காக. அதனால் மாயையை இரவில் எரியும் விளக்கோடு ஒப்பிட்டனர் பெரியோர். ஞாயிறு எழும்வரை விளக்கு வேண்டும், எழுந்தபின் வேண்டுவதில்லை. வேண்டப்படாமற் போகும் என்பதனால் விளக்குப் பொய்யாகிவிடுமா? பிரட்டுக்குப் புறப்படும் முன், பனி மூடிய விடியற்காலையிலே, லயத்தறையிற் குப்பிவிளக்கேற்றி ரொட்டி சுடும் தாயைக் கேட்டுப் பாருங்கள். அவ்விளக்கு மெய், அதன் ஒளியிற் சுட்ட ரொட்டி மெய், அதனை உண்ட பிள்ளையின் பசி தீர்ந்ததும் மெய்.

ஆகவே, கொழுந்து கிள்ளி வெடித்த விரலும் மெய்யே. அவ்விரல் இறைவன் மாயையினின்று ஆக்கி உயிருக்கு அருளிய கருவி. அக்கருவியைப் பேணாது தேயவிடுதல் அருட்கொடையை அவமதித்தலாகும். உலகம் பொய்யெனக் கற்றவன் அயலானது பசியையும் பொய்யென்று கடந்து செல்லக்கூடும். உலகம் அருளால் தந்த உள்பொருளெனக் கற்றவன் அங்ஙனம் கடந்துபோதல் இயலாது. ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு அறத்தையே மாற்றிவிடுதலைக் காண்மின். நியாயமான நாட்சம்பளமும், ஒழுகாத கூரையும், நல்ல குடிநீரும் வேண்டுமெனக் கேட்பது மாயையிற் கிடந்து உழல்வதாகுமோ என்று ஐயுறும் சைவர்க்கு நாம் கூறுவது: நெறி அங்ஙனம் கூறவில்லை, கூறியது மொழிபெயர்ப்பு.

இதனாற் பெயர்த்தோரைப் பழித்தல் நமது கருத்தன்று. வட்டுக்கோட்டைச் செமினரியிற் பணிபுரிந்த ஹொய்சிங்ரன் பாதிரியார் சிவஞானபோதம் முதலியவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்து 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். நல்லசாமிப் பிள்ளையவர்களின் சிவஞானபோத மொழிபெயர்ப்பு 1895இல் வெளிவந்தது. போப்பையர் தமது எண்பதாவது வயதில், 1900இல், திருவாசகத்தை ஆங்கிலமாக்கி வெளியிட்டார். இவர்களது உழைப்பு இல்லையேல் மேனாட்டார் நம் நெறியின் பெயரையும் அறிந்திரார். போப்பையர் பாட்டைப் பெயர்த்ததோடு அமையாது நீண்ட குறிப்புகளும் சேர்த்தமை நோக்கத்தக்கது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் வைத்தாற் போதாதென்பதை நன்கு உணர்ந்தவர் அம்மொழிபெயர்ப்பாளரே. குறிப்பைக் களைந்துவிட்டுப் பெயர்ப்பை மட்டும் எடுத்து ஆளும் பிற்காலத்தாரிடத்தே தான் பிழை புகுந்தது.

பிற சமயத்தாரும் இவ்வுண்மையை அறிந்து நடக்கின்றனர். கொட்டகலைக் கடைவீதியில் நமக்கு அயலாராய் வாழ்வோரைப் பாருங்கள். கிறித்தவர் எம்மொழியில் வழிபட்டாலும் 'ஆமென்', 'அல்லேலூயா' என்னும் எபிரேயச் சொற்களை விட்டாரில்லை. இசுலாமியர் தொழுகையில் அரபுச் சொற்களைக் காத்து வருகின்றனர். சிங்கள பௌத்தர் பாளி மொழியிலேயே சரணம் கூறுகின்றனர். கிறித்தவ வேதத்தைத் தமிழாக்கியோரும் கிருபை, இரட்சிப்பு, பரிசுத்தம் என வடசொற்களையே நாடவேண்டியதாயிற்று. பெர்சிவல் பாதிரியாருக்கு அப்பணியில் துணைநின்றவர் நமது ஆறுமுகநாவலர் என்பது யாவரும் அறிந்ததே. பெயர்களிலும் இதுவே நிகழும். அட்டன் வழியே அடியார் ஏறிச்செல்லும் மலை நமக்குச் சிவனொளிபாதம். சிங்கள மக்களுக்கு ஸ்ரீபாத. ஆங்கிலப் படத்தில் அஃது ஆதாமின் சிகரம். மலை ஒன்றே. ஆங்கிலப் பெயரை மட்டும் கற்ற நம் பிள்ளைக்கு அதில் ஒளியும் இல்லை, பாதமும் இல்லை.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? வழிகாட்டியொருவர் நமக்கு உளர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் (1853–1924) கேம்பிரிட்ஜில் ஆங்கிலம் துறைபோகக் கற்றவர். தமிழ்த் திருப்பாடல்களை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். அவர் தம் ஆங்கில நண்பர் எட்வேட் காப்பென்ரருக்கு எழுதிய கடிதங்கள் 1927இல் நூலாக வந்தன. அந்நூலின் தலைப்பில் 'ஞானம்' என்னும் சொல் ஞானமாகவே நிற்கின்றது. தெய்வ அறிவு என்னும் ஆங்கில விளக்கம் அதனருகே அடக்கமாக அமைந்திருக்கின்றது. சொல் சிங்காதனத்தில் இருக்க, மொழிபெயர்ப்பு பக்கத்தே நின்று பணிசெய்கின்றது. இதுவே முறை. அதே அருணாசலம் அவர்கள் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கத்தைத் தோற்றுவித்து, தோட்டத் தொழிலாளரைக் கடன்சீட்டாற் பிணித்த துண்டு முறைமையை எதிர்த்துப் பேசினார் என்பதையும் மறத்தலாகாது. ஞானமென்னும் சொல்லை மாற்றாது காத்த கையும் தொழிலாளிக்காக எழுதிய கையும் ஒரே கை. திருச்சொல்லின் ஆழம் அறிந்தவர் உலகத்துத் துயரைப் பொய்யென்று விட்டாரில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இங்கே இரு தடைகள் எழும். 'வடமொழி கல்லாத தோட்டத்து ஏழைக்கு வடசொல் எதற்கு?' என்பது ஒன்று. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தைப் பன்னிரண்டு சூத்திரமாகத் தமிழிலேயே அருளினார். சிவஞான முனிவர் அதற்குத் தமிழிலேயே பேருரை கண்டார். ஆணவம், மாயை, கன்மம் என்னும் சொற்களை அவர்கள் தமிழோடு தமிழாய் வைத்து, அவற்றின் பொருளைத் தமிழால் விரித்தனர். இச்சொற்கள் ஒரு குலத்தார்க்கோ, வடமொழி வல்லார்க்கோ உரிய தனிச்சொத்தல்ல; தமிழறிந்த ஒவ்வொருவருக்கும் திறந்துவைத்த களஞ்சியம். பூட்டைத் திறக்கும் திறவுகோல் தமிழுரையே.

'ஆங்கிலம் வேண்டாவென்கின்றீரோ?' என்பது மற்றொன்று. வேண்டாவென்னோம், மிகவும் வேண்டுமென்போம். ஆங்கிலம் அறியாமையினாற் பேரேட்டில் எழுதியதைப் படிக்கமாட்டாது கைந்நாட்டிட்ட தலைமுறைகளின் பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை மறுத்தல் பெருங்கொடுமை. ஆங்கிலத்தை நிரம்பக் கற்கட்டும். கற்று, தம் நெறியை ஆங்கிலத்திற் கேட்பார்க்குத் தாமே விளக்கட்டும். ஆனால் தம்மையும் தம் கடவுளையும் பிறர் அளவுகோலால் அளந்து குறுக்கிக்கொள்ளாதிருக்கட்டும்.

ஆதலின் மலைநாட்டுச் சைவ வகுப்புகளை நடத்தும் அன்பர்களுக்கும், அயலேயுள்ள பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிற் பயின்று தோட்டப் பாடசாலைகளுக்குச் செல்லும் ஆசிரியர்களுக்கும் ஒன்று வேண்டிக்கொள்கின்றோம். வாரத்துக்கு ஒரு சொல் எடுங்கள், ஒன்றே போதும். அச்சொல் எவ்வேரினின்று முளைத்ததென்று கூறுங்கள். நமது ஆசிரியர் அதனை எப்பொருளில் ஆண்டனரென்று கூறுங்கள். மூன்றாவதாக, அது பிள்ளையின் லயத்திலும், மலையிலும், பள்ளிவழியிலும் எங்கே தென்படுகின்றதென்று பிள்ளையையே தேடச் சொல்லுங்கள். இறுதியில் வேண்டுமானால் ஆங்கிலச் சொல்லைக் கூறி, அதில் எவ்வளவு அடங்கிற்று, எவ்வளவு அடங்காது வெளியே நின்றது என்று அளந்து காட்டுங்கள். பசு என்பதைக் கால்நடையென்றும், பாசத்தை வெறுங்கயிறென்றும், தரிசனத்தை வேடிக்கை பார்த்தலென்றும் கருதாத தலைமுறையொன்று அப்போது எழும்.

அன்று மாலை மலையிறங்கும்போது அச்சிறுமி தன் தாயோடு நம்மை நோக்கி வந்தாள். தாய் கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துக் கைகூப்பினாள். கூப்பிய விரல்களில் தேயிலைக்கறை படிந்த வெடிப்புகள் தெளிவாகத் தெரிந்தன. "இவள் ஏதோ கேட்டாளாமே, சாமி, தப்பாகக் கேட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றாள் அவள். "தப்பன்று, அம்மா, கேட்கவேண்டியதையே கேட்டாள்" என்று கூறினோம். தான் வினாவியதற்குத் தாய் மன்னிப்புக் கேட்பதைப் பொறாத மகள், "அம்மா, நாம் சின்னவர்கள் இல்லையாம், அப்படி நினைப்பதுதான் ஆணவமாம்" என்று மெல்லச் சொன்னாள்.

நாம் ஒரு மணிநேரம் விரித்துரைத்ததை அப்பிள்ளை ஒரு வரியில் தன் தாய்க்குப் பெயர்த்துக் கொடுத்தாள். மொழிபெயர்ப்பென்றால் அஃதன்றோ மொழிபெயர்ப்பு! சொல்லை மாற்றாது, பொருளைக் குறையாது, வேண்டியவர் நெஞ்சில் வேண்டிய வேளையிற் சேர்ப்பது. அத்தகைய பிள்ளைகள் ஒவ்வொரு மலையிலும் பெருகுவதற்குச் சிவபெருமான் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.